பழனிக்கென்று கிளம்பி இரண்டு கடைவீதி பார்த்த கதை

கெட்டும் பட்டணம் சேர் என்று பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். எந்தப் பட்டணம் என்று சொல்லாமல் போய்விட்டார்கள். அந்த ஒரு வார்த்தையை அவர்கள் விட்டுப் போனதால் நானும் என் தங்கை பாவாயியும் ஒரு வாரம் அலைய வேண்டியதாயிற்று. நடந்து சில வருஷம் ஆகிறது. இனிச் சொன்னால் யாருக்கும் நஷ்டமில்லை.

எனக்கு வெள்ளகோயில் பக்கம். மாட்டுத் தரகு தொழில். காளையின் வாயைப் பிளந்து பல் பார்க்காமல், சுழி பார்க்காமல், நாலடி நடக்கவிட்டுப் பார்க்காமல் நான் ஒரு விலை சொன்னதில்லை. மனிதர்களிடமும் அதே பழக்கம்தான். அவர்களை வாயைப் பிளக்கச் சொல்ல முடிவதில்லை, அது ஒன்றுதான் குறை.

பாவாயியின் புருஷன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. பிள்ளை இல்லை. கொழுந்தனார் வீட்டில்தான் இருந்தாள். அந்த வீட்டுக்கு எருமைகளுக்குத் தண்ணீர் காட்ட ஒரு ஆள் வேண்டும், ஆள்காரர்களுக்குச் சோறு ஆக்க ஒரு ஆள் வேண்டும், ஒரம்பரை, அதாவது விருந்தாளி, வந்தால் பந்தி பரிமாற ஒரு ஆள் வேண்டும். அந்த மூன்று ஆளும் அவள் ஒருத்திதான். அவள் கையால் ஆக்கும் அரிசிம்பருப்புச் சோற்றுக்காகவே எங்கெங்கிருந்தோ ஒரம்பரை வரும். நல்ல தேங்காயெண்ணெயைச் சுடச்சுட ஊற்றி அவள் இலையில் போட்டால், கோபித்துக்கொண்டு போனவன்கூடத் திரும்பி வந்து உட்காருவான்.

எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது ஒருநாள் அவளே பேச்சை எடுத்தாள். "ஊருக்கே ஆக்கிக் கொட்டறேனுங்கண்ணா. அதையே ஒரு பட்டணத்துல கொட்டினா என்ற பொழைப்பை நான் பாத்துக்குவேன். ஒரு சோத்துக்கடை வெச்சுக் குடுங்க."

கொழுந்தனாருக்குத் தெரிந்தால் விடமாட்டார். எங்கள் வீட்டுப் பொம்பளை சோறு விற்பதா என்று நாலு பேரைக் கூட்டி உட்கார வைத்துவிடுவார். ஆனால் எங்கள் பக்கத்தில் ஒரு சங்கதி உண்டு. எரிகிற அடுப்பில் தண்ணீர் ஊற்றுவது பெரிய பாவம். ஒரு பெண் தன் அடுப்பை மூட்டிவிட்டால் அதற்குப் பிறகு எவனும் அவளைக் கையைப் பிடித்து எழுப்பமாட்டான். ஆகையால் அவர் காதுக்குப் போகும் முன்னே அடுப்பு எரிந்துவிட வேண்டும். பழனிக்கு வேண்டுதல் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினோம். பாவாயி ஒரு சின்னப் பானையும், முந்தானையில் முடிந்த துவரம்பருப்பும் எடுத்துக்கொண்டாள். எதற்கு என்று கேட்டேன். "நீங்க பல்லைப் பாப்பீங்க, நான் பருப்பை வேக வெச்சுப் பாப்பேன்" என்றாள்.

முதல் ஊர் கோயமுத்தூர். எங்களுக்குக் கோயமுத்தூர் என்றால் ஒரம்பரை வீடு மாதிரி. மதுரை அசல் தேசம், அதாவது அந்நிய ஊர்.

கோயமுத்தூரை முதலில் மூக்குத்தான் பார்க்கும். பஞ்சு வாசனை, காப்பிக்கொட்டை வறுக்கிற புகை, ஜட்கா குதிரையின் சாணம், மூன்றும் சேர்ந்து ஒரு வாடை. பெரிய கடைவீதியில் தானியமும் பாத்திரமும், ஒப்பணக்கார வீதியில் ஜவுளியும் நகையும். நடக்கிறவர்கள் மணிக்கூண்டை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடக்கிறார்கள். மில்லுச் சங்கு ஊதினால் பாதி ஊர் எழுந்திருக்கிறது, மறுசங்குக்கு மீதி ஊர் உட்காருகிறது. அத்தனை பேர் போகிற வீதியில் ஒரு வண்டிமாட்டின் கழுத்துமணி தனியாகக் கேட்கிறது. எனக்கு அதுவே பிடிக்கவில்லை. சத்தமில்லாத சந்தையில் நல்ல மாடு இருக்காது என்பார்கள்.

காப்பிக் கிளப்பில் நுழைந்தோம். என் காப்பியை நான் மூன்று தரம் மோந்து பார்த்தேன். பக்கத்து மேசையில் இரண்டு பேர், பீளமேட்டுப் பக்கத்து மில்லுக்காரர்கள் போல, தெலுங்கில் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். சந்தைத் தெலுங்கு எனக்குக் கொஞ்சம் வரும். காதைத் தீட்டினேன்.

"மிஷின் வந்து இறங்கி ஒரு மாதம் ஆகிறது. ஓட்டத் தெரிந்தவன் வரவில்லை" என்றார் ஒருவர்.

"வந்தவனும் பெல்ட்டைப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிகிறான்" என்றார் மற்றவர்.

கடைசிவரை எங்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதுவும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

சத்திரத்துக் கொல்லையில் மூன்று கல்லைக் கூட்டிப் பாவாயி பானையை வைத்தாள். குழாய்த் தண்ணீர், சிறுவாணியிலிருந்து வருவது. எங்கள் ஊர்க் கிணற்றுத் தண்ணீரில் துவரம்பருப்பை வேக வைக்க ஒரு பொழுது வேண்டும், வெந்தாலும் பல்லில் தட்டும். இங்கே நான் ஒரு சுருட்டைப் பிடித்து முடிப்பதற்குள் கரண்டியில் எடுத்து நசுக்கிக் காட்டினாள். வெண்ணெய் மாதிரி இருந்தது.

"தண்ணி தங்கமுங்கண்ணா" என்றாள்.

"அப்பறமென்ன, இந்த ஊருதான்" என்றேன். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். அசல் தேசம் போகவேண்டியதில்லை.

மறுநாள் அறை தேடினோம். கடைவீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் வீதியைப் பார்த்த அறை ஒன்று காலியாகக் கிடந்தது. சொந்தக்காரர் பஞ்சுத் தரகர், பெரிய தலைப்பாகை. எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார்.

"வாங்க வாங்க. உக்காருங்க. அம்மணி, நிக்காதீங்க, வெய்யில்ல வந்திருக்கறீங்க. தண்ணி குடிங்க."

தண்ணீர் வந்தது. மோர் வந்தது. அதற்குப் பிறகு வந்தது கேள்வி.

"ஏனுங்க, எந்த ஊருங்க?"

"வெள்ளகோயில் பக்கமுங்க."

"பக்கம்னா எந்தப் பக்கமுங்க? கெழக்கயா, மேக்கயா?"

சொன்னேன்.

"என்ன கூட்டமுங்க?"

எங்கள் நாட்டில் ஒருவன் பெயரைக் கேட்கிறதுக்கு முன்னாலே கூட்டத்தைத்தான், அதாவது குலப்பிரிவைத்தான், கேட்பார்கள். கூட்டம் தெரிந்தால் குலதெய்வம் தெரிந்தது, குலதெய்வம் தெரிந்தால் பங்காளியா மாமன் மச்சானா என்பது தெரிந்தது, அது தெரிந்தால் எதைப் பேசலாம் எதைப் பேசக்கூடாது என்பது தெரிந்தது. கூட்டத்தைச் சொன்னேன். அவர் இரண்டு கையையும் தட்டினார்.

"அட, அப்பப் பங்காளியாப் போயிட்டீங்களே! இந்த அம்மணி?"

"தங்கச்சிங்க."

"கட்டிக் குடுத்தது எந்தூர்லீங்க?"

இந்த இடத்தில் பாவாயி என் துண்டு முனையைப் பிடித்து இழுத்தாள். நான் கவனிக்கவில்லை. மோர் நன்றாக இருந்தது. ஊரையும் சொன்னேன், கொழுந்தனார் பெயரையும் சொன்னேன், பழனி வேண்டுதலையும் சொன்னேன், போன சித்திரையில் அவர் வாங்கின மயிலைக் காளைக்கு எத்தனை பல் என்பதுவரை சொன்னேன்.

வாடகை பேச அவர் கையை நீட்ட, நான் துண்டைப் போட்டேன். வெளி ஆட்களுக்குச் சொல்லிவிடுகிறேன். மாட்டுச் சந்தையில் விலையை வாயால் பேசமாட்டோம். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துத்தான் பேசுவோம். அவர் பஞ்சுத் தரகரானாலும் அப்பன் பாட்டன் மாடு பிடித்தவர்கள்போல. விரல் விரலுக்குப் பதில் சொல்லிற்று. நாலு பிடியில் முடிந்தது.

"நாளைக் காலம்பற நல்ல நேரமுங்க. வந்து அடுப்பை மூட்டிக்குங்க" என்றார்.

வெளியே வந்ததும் பாவாயி சொன்னாள்: "ஏனுங்கண்ணா, அந்த மனுசன் அறை எத்தனை அகலம்னு நீங்க ஒண்ணும் கேக்கலை. நம்ம சங்கதி அத்தனையும் அவரு கேட்டுப்போட்டாரு."

"நம்ம பங்காளியாச்சே கண்ணு."

"அதுதானுங்க" என்று மட்டும் சொன்னாள்.

ஊரெல்லாம் இந்தக் கேள்விதான் என்பதை அன்று சாயங்காலம் கவனித்தேன். ஜட்காக்காரன் உக்கடம் குளத்துக்கு ஓட்டிப்போய்க் குதிரைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே கேட்டான். வெற்றிலைக்காரி சுண்ணாம்பு தடவிக்கொண்டே கேட்டாள். விளக்கு வைத்த சற்று நேரத்தில் கடைகளில் பலகை போட ஆரம்பித்துவிட்டார்கள். பலகையைச் செருகிக்கொண்டே ஒரு மளிகைக்காரர், "ஏனுங்க, பழனிக்குப் போறவிய இங்க ஊடு பாக்கறீங்களாமா?" என்றார். அவரை எனக்குத் தெரியாது.

மறுநாள் காலை பானையும் விறகுமாகப் போனோம். பஞ்சுத் தரகர் வீட்டில் கொழுந்தனார் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தார்.

முந்தின நாள் பகல் பஸ்ஸில் கிளம்பின வார்த்தை ராத்திரி பஸ்ஸில் ஆளாகத் திரும்பி வந்திருந்தது. தரகரின் சம்பந்தி வீடு கொழுந்தனார் ஊருக்குப் பக்கத்து ஊர். இதைத் தரகரே எங்களிடம் சந்தோஷமாகச் சொன்னார். கெட்ட எண்ணத்தால் செய்தாரா, நல்ல எண்ணத்தால் செய்தாரா என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

"வாங்க மச்சான்" என்று கொழுந்தனார் எழுந்தார். பாவாயியைப் பார்த்தும் கும்பிட்டார். எங்கள் நாட்டில் சண்டைக்கும் மரியாதை உண்டு. கழுத்தைப் பிடிக்கிறவனும் ஏனுங்க என்று சொல்லிவிட்டுத்தான் பிடிப்பான்.

"பொறப்படலாமுங்களா அண்ணி? எருமைக்குத் தண்ணி காட்ட ஆளில்லீங்க."

"உங்களுக்குக் கையில்லீங்களா?" என்றாள் பாவாயி.

"இருக்குதுங்க. ஆனா நம்ம ஊட்டுக்குன்னு ஒரு மருவாதி இருக்குதுங்களே."

"அந்த மருவாதிக்கு மூணு வருசமாச் சாணி அள்ளியிருக்கறேனுங்க. பழனிக்கு நேந்துக்கிட்டேன். போயிட்டு வந்துதான் மத்தது."

வேண்டுதலைத் தடுத்தால் அந்தப் பாவம் தடுத்தவன் தலையில். கொழுந்தனார் வேட்டியைச் சரிசெய்துகொண்டார். "போயிட்டு வாங்க. தப்பில்லீங்க. வெள்ளிக்கிழமை ஊட்டுல இருக்கோணுமுங்க. இல்லாட்டி நாலு பெரிய மனுசரைக் கூட்டிக்கிட்டு மச்சான் ஊட்டுக்கு வாரேனுங்க" என்றார். அதைச் சொல்லும்போதும் சிரித்தமுகம்தான்.

நான் தரகரைப் பார்த்தேன். அவர் அறைக்கதவைப் பார்த்தார். "அந்த அறையில பஞ்சு போடறாப்புல இருக்குதுங்க. வெசனப்படாதீங்க. இன்னங்கொஞ்சம் மோரு குடிச்சிட்டுப் போங்க" என்றார். முந்தின நாள் என்ன குரலோ அதே குரல். துண்டுக்கடியில் விரல் கொடுத்தவன் வார்த்தை மாறி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

முருகன் பெயரில் சொன்ன பொய்யை மெய்யாக்க மலையேறிக் கும்பிட்டோம். இறங்கினதும் பாவாயி ஊர்ப்பக்கம் திரும்பவில்லை. "மதுரைக்குப் போலாமுங்கண்ணா" என்றாள். நான் மறுத்துப் பார்த்தேன். அங்கே ஈ காக்கை நமக்குத் தெரியாது என்றேன். "ஈ காக்கா தெரிஞ்ச ஊரைத்தான் பாத்துப்போட்டமே" என்றாள்.

மதுரை அசல் தேசம் என்றேனல்லவா. இறங்கின உடனே நிரூபித்துக்கொண்டது. ஜட்காக்காரனிடம் மாசி வீதிக்கு விடப்பா என்றேன். விட்டான். ஒரு கோபுரம் வந்தது. கிளிக்கூண்டு தொங்குகிற ஒரு கடை வந்தது. இன்னொரு கோபுரம் வந்தது. சற்று நேரத்தில் அதே கிளிக்கூண்டு மறுபடியும் வந்தது. மூன்றாம் தரம் கிளியே என்னைப் பார்த்துக் கத்தியது. எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏப்பா, ஒரே எடத்தைச் சுத்திக் கூலியை ஏத்தறயா?"

அவன் வண்டியை நிறுத்திவிட்டு முழுசாகத் திரும்பி உட்கார்ந்தான். "யோவ், மாசி வீதின்னா எந்த மாசி வீதி? கிழக்கா, தெக்கா, மேக்கா, வடக்கா? நீ வாயத் திறந்து சொல்வ சொல்வன்னு நானும் சுத்திக்கிட்டே இருக்கேன். குருதைக்குக் கிறுகிறுன்னு வருதுய்யா!"

நாலு பக்கமும் நாலு மாசி வீதி, நடுவில் கோயில். கோயமுத்தூரில் திசையை மனிதனிடம் கேட்பார்கள். இங்கே வீதியிடம் கேட்கிறார்கள். பாவாயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மூன்று வருஷத்தில் அவள் சிரித்து நான் பார்த்ததில்லை. ஆகையால் ஜட்காக்காரனை மேற்கொண்டு திட்டவில்லை.

வாடை வேறு, சத்தம் வேறு. மல்லிகைப்பூவும் நல்லெண்ணெயும் வேர்வையும் கலந்த காற்று. ஒருவன் வெண்கலத்தைத் தட்டுகிறான், ஒருத்தி பூக்கூடைக்காரனை வைகிறாள், கோயில்மாடு ஒன்று ஜவுளிக்கடை வாசலில் படுத்துக்கொண்டு வியாபாரத்தைப் பார்க்கிறது. யாரும் ங்க போடுவதில்லை. "என்னய்யா வேணும்?", "தள்ளி நில்லுப்பா", "ஏத்தா, இங்கிட்டு வா". முதல் நாள் முழுக்க என்னை யாரோ அடிக்க வருகிறார்கள் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். பட்டுநூல்காரப் பெண்கள் இரண்டு பேர் அவர்களுடைய சௌராஷ்டிர பாஷையில் கையை நீட்டி நீட்டிப் பேசினார்கள். நிச்சயம் பாவாயியின் வெள்ளைச் சேலையைப் பற்றித்தான் என்று எனக்குத் தோன்றியது. பூக்காரனை விசாரித்தேன். "உங்க வீட்டுச் சாயத் தண்ணி எங்க வாசல்ல ஓடுதுன்னு அந்தம்மா சொல்லுது. ஓடினா வாசல் செவப்பா அழகாத்தான இருக்குன்னு இந்தம்மா சொல்லுது" என்றான்.

வீதி ஓரத்தில் பெரிய பானையை வைத்து ஒருவன் பருத்திப்பால் விற்றுக்கொண்டிருந்தான். பருத்திக்கொட்டையை ஆட்டி, கருப்பட்டியும் சுக்கும் போட்டுக் காய்ச்சினது. எனக்குத் தலை சுற்றியது. பருத்தி விளைகிற நாட்டுக்காரன் நான். பருத்திக்கொட்டை எருமைக்கு வைப்பது. மனிதன் குடித்து நான் கேள்விப்பட்டதில்லை.

"இதைக் குடிச்சா மாட்டுக்குப் பால் ஊறும். நமக்கு என்ன ஊறும்?" என்று கேட்டேன்.

"குடிச்சுப் பாருண்ணே. ஊறலைன்னா காசு குடுக்காத" என்றான் அவன்.

நான் மோந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே பாவாயி ஒரு குவளையை முடித்து இன்னொன்று கேட்டாள். "எத்தனை எருமைக்கு வெச்சிருப்பேன். ஒரு நாளாச்சும் நமக்கு ஊத்திக்கலாம்னு தோணலையே" என்றாள். நானும் குடித்தேன். நன்றாக இருந்தது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மறுநாளும் குடித்தேன், அவ்வளவுதான்.

சத்திரத்தில் பானை ஏறியது. பருப்பு வேக நேரமாயிற்று. கோயமுத்தூரில் ஒரு சுருட்டு, இங்கே இரண்டாவது சுருட்டும் பாதி தீர்ந்துவிட்டது. எனக்குத் தெம்பு வந்தது. "பாத்தியா அம்மணி? அங்க தங்கம்னியே" என்றேன். அவள் பருப்பை நசுக்கிப் பார்த்தாள்.

மறுநாள், தெற்கு மாசி வீதிப் பக்கம் ஒரு சந்து. பாத்திரக்கடைக்காரர் ஒருவரின் கடையை ஒட்டினாற்போல ஒரு அறை. அவருக்குப் பருத்த சரீரம். எழுந்திருக்கவில்லை, உட்காரச் சொல்லவில்லை, தண்ணீர் தரவில்லை. ஒரு அண்டாவுக்குள் தலையை விட்டு விரிசல் பார்த்துக்கொண்டே பேசினார்.

"என்ன கடை?"

"சோத்துக்கடைங்க. தங்கச்சி வெக்கறாளுங்க."

"அடுப்பு எங்கிட்டு வைப்பீக? புகை மாடிக்கு ஏறினா மேல குடியிருக்கவன் என் உசுர வாங்குவான்."

"பின்பக்கமா வெச்சுக்குவோமுங்க. நாங்க வெள்ளகோயில் பக்கமுங்க, எங்க கூட்டம் வந்துங்க..."

"அதெல்லாம் எனக்கு எதுக்குய்யா? சாக்கடைய அடைச்சிராதீக. அம்புட்டுத்தான்."

நான் திகைத்துவிட்டேன். யார், எவர், எந்த ஊர், என்ன குலம், ஒன்றும் கேட்காமல் ஒரு மனிதன் அறையைக் கொடுக்கிறான் என்றால் ஒன்று அறையில் பேய் இருக்க வேண்டும், இல்லை அவனிடம் இருக்க வேண்டும். சுவரைத் தட்டிப் பார்த்தேன். கூரையை அண்ணாந்து பார்த்தேன். முன்னே இருந்தவன் ஏன் போனான் என்று கேட்டேன். "கல்யாணம் ஆச்சு, போனான்" என்றார். அதையும் நான் நம்பவில்லை.

சரி, வாடகை பேசுவோம் என்று வழக்கப்படி அவர் கையின்மேல் துண்டைப் போட்டு விரலைப் பிடித்தேன்.

"ஏய்! விடுய்யா கைய! மோதிரத்த உருவுறான் பாருங்கடா!"

அண்டா உருண்டு வீதிக்கே ஓடிவிட்டது. தட்டுகிற சத்தமெல்லாம் நின்றுபோய்ச் சந்து முழுக்க எங்களைச் சுற்றி நின்றது. ஒருவன் என் துண்டைப் பிடித்தான், இன்னொருவன் மடியைப் பிடித்தான். நான் வாயைத் திறந்தால் வார்த்தைக்கு வார்த்தை ங்க வருகிறது. அதைக் கேட்டு அவர்களுக்கு இன்னும் சந்தேகம். இவ்வளவு பணிவாகப் பேசுகிறவன் திருடனாகத்தான் இருப்பான் என்று ஒருவன் தீர்ப்பே சொல்லிவிட்டான். நல்லவேளையாக வண்டி ஓட்டி வந்த கிழவர் ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "விடுங்கடா. அந்தாளு மாட்டுத் தரகன். உம்ம கைய மாட்டு வெல பேசியிருக்காருய்யா!"

சந்தே சிரித்தது. பாத்திரக்காரருக்கும் சிரிப்பு வந்து வயிறு குலுங்கிற்று. "என்னைய எம்புட்டுக்குக் கேட்டாராம்?" என்றார்.

நான் தலைகுனிந்து நிற்க, பாவாயி முன்னே வந்தாள். "இத்தனைதான் தர முடியுமுங்க" என்று நடுச்சந்தில், அத்தனை பேர் காதிலும் விழும்படி, வாடகையை வாயால் சொன்னாள். எனக்கு நடுவீதியில் வேட்டி அவிழ்ந்த மாதிரி இருந்தது. அவர் இன்னும் கொஞ்சம் கேட்டார். கூடி நின்றவர்களில் பாதிப்பேர் அவள் பக்கமும் பாதிப்பேர் அவர் பக்கமும் பேசினார்கள். முடிந்தது. எங்கள் கடைவீதியில் மரியாதை வெளியே தெரியும், விலை துண்டுக்குள் இருக்கும். இங்கே விலையைச் சந்தே கேட்டது. கேட்டதால் யாரும் மாற்ற முடியாது என்பது எனக்குச் சற்றுக் கழித்துத்தான் உறைத்தது.

சத்திரத்துக்குத் திரும்பும்போது கடைசித் தடவையாகச் சொல்லிப் பார்த்தேன்.

"கண்ணு, நாளைக்கு ஒரு காய்ச்சல் மண்டையடின்னா இங்க ஆரு இருக்கறா? ஆருன்னுகூடக் கேக்காத ஊரு இது. தண்ணியும் அந்த ஊருத் தண்ணிதான் நல்ல தண்ணி. நீயே சொன்னே."

"சொன்னேனுங்க. நான் தண்ணிக்கா வாக்கப்படப் போறேன்?" என்றாள். "அங்க ஆரு கேட்டாலும் நான் இன்னாரு பொண்டாட்டி, இன்னாரு ஊட்டு முண்டச்சி. இங்க அந்தக் குண்டு மனுசன் என்றகிட்டக் கேட்டது அடுப்பைப் பத்தி மட்டுந்தானுங்கண்ணா."

விறகுக்கடை எங்கே என்று விசாரிக்கப் போனேன்.

அடுத்த சங்கடம் பக்கத்துத் திண்ணையில் இட்லி சுடுகிற முத்தக்கா. நாங்கள் விறகை இறக்கும்போதே இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வந்து நின்றாள். "ஏத்தா, என்ன போடப் போற?"

"அரிசிம்பருப்புச் சோறுங்கக்கா."

"இட்லி?"

"இல்லீங்க."

"தோசை?"

"இல்லீங்கக்கா."

"நல்லாக் கேட்டுக்க. இட்லி எனக்கு, சோறு உனக்கு. ஒரு இட்லி நீ சுட்ட, அன்னிக்கே மண்டை ஒடையும்." சொல்லிவிட்டுப் போனவள் ஒரு கொட்டாங்கச்சியில் தன் அடுப்பிலிருந்து கங்கு எடுத்துவந்து நீட்டினாள். "இந்தா. தீக்குச்சிய வீணாக்காத."

சண்டைக்கு வந்தவள் எதற்கு நெருப்புக் கொடுக்கிறாள்? நான் பாவாயியின் காதில் ஏதோ முணுமுணுக்கப் போனேன். அவள் அதற்குள் கங்கை வாங்கி அடுப்பில் போட்டு ஊதிவிட்டாள். பிடித்துக்கொண்டது. புகை பின்பக்கமாகவே போயிற்று.

முதலில் வந்தவர்கள் மூட்டை தூக்குகிற நாலு பேர். இலையைப் பார்த்து ஒருவன் முகத்தைச் சுளித்தான். "என்னத்தா இது? குழம்ப நீயே ஊத்திக் கிண்டிட்டியா? ஊத்திக்கிற எங்களுக்குக் கையில்லையா?"

"கையைச் சாப்புடறதுக்கு வெச்சுக்குங்க. கிண்டறது என்ற சோலிங்க" என்றாள் பாவாயி.

அவன் ஒரு வாய் போட்டான். மற்ற மூன்று பேரும் அவன் முகத்தையே பார்த்தார்கள், நானும்தான். எந்தக் காளையின் நடையையும் நான் அப்படிப் பார்த்ததில்லை. விழுங்கினான். "இங்கிட்டு இன்னொரு கை போடு" என்றான்.

விளக்கு வைக்கும் நேரத்தில் எங்கள் ஊராக இருந்தால் பலகை செருகியிருப்பார்கள். இங்கே அப்போதுதான் தின்னவே கிளம்புகிறார்கள். பானை காலியாயிற்று. முத்தக்காவே ஒரு கிண்ணத்தோடு வந்து வாங்கிப்போனாள். நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை. உப்பு கொஞ்சம் தூக்கல் என்று சொல்லிவிட்டு, கிண்ணத்தை வழித்துத்தான் கொடுத்தாள்.

வியாழக்கிழமை காலை நான் மட்டும் கிளம்பினேன். பாவாயி சுடச்சுடச் சோற்றை வாழையிலையில் கட்டிக் கொடுத்தாள்.

"அண்ணா, அடுப்பெரியுதுன்னு சொல்லிப்போடுங்க. எந்த ஊருல எரியுதுன்னு மட்டும் சொல்லிப்போடாதீங்க. ஒரு மாசம் ஓடட்டும், கால் ஊணிக்கறேன். அதுவரைக்கும் ஒருத்தருகிட்டயும் வேண்டாம். உங்க வாய் எனக்குத் தெரியும்."

எனக்கும் தெரியும். எரிகிற அடுப்பில் தண்ணீர் ஊற்றுவது பாவம் என்பது பெரியவர்கள் சொன்னது. கொழுந்தனார் அதை எவ்வளவு தூரம் மதிப்பார் என்பதில் எனக்குச் சந்தேகம் இருந்தது. தலைமேல் அடித்துச் சத்தியம் செய்துவிட்டு ரயில் ஏறினேன்.

பழனி தாண்டினதும் எதிர்ப்பலகையில் ஒரு பெரியவர் வந்து உட்கார்ந்தார். எங்கள் நாட்டுத் தலைப்பாகை, எங்கள் நாட்டுச் செருப்பு. உட்கார்ந்து மூச்சு விடவில்லை.

"ஏனுங்க, எந்த ஊருங்க?"

நாற்பது வருஷமாக இந்தக் கேள்விக்கு ஆசையோடு பதில் சொல்லிக்கொண்டிருந்த நாக்கு. அதைப் பல்லால் பிடித்து நிறுத்தினேன்.

"மதுரை."

அவருக்குச் சப்பென்று ஆகிவிட்டது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் தப்பித்தேன் என்று இலைக்கட்டைப் பிரித்தேன். பிரித்தது தப்பு. பருப்பும் சீரகமும் பூண்டும் தேங்காயெண்ணெயும் சேர்ந்த வாசனை வண்டி முழுக்கப் பரவிற்று. பெரியவரின் தலை தானாகத் திரும்பிற்று.

"அரிசிம்பருப்புச் சோறாட்டம் இருக்குதுங்களே!"

தலையை ஆட்டினேன்.

"மதுரையில இது கெடைக்குதுங்களா? ஆருங்க ஆக்கினது? நம்ம பக்கத்து அம்மணி கை வாசமுங்க இது! எங்கீங்க கடை?"

என் தங்கச்சிங்க, தெக்கு மாசி வீதிச் சந்துங்க, ஒரே நாளில் பானை காலிங்க, இட்லிக்காரியே வாங்கித் தின்னுட்டுப் போனாளுங்க. அத்தனையும் தொண்டைவரை வந்துவிட்டது. இலையிலிருந்து ஒரு பெரிய உருண்டையாக உருட்டி வாயில் அடைத்துக்கொண்டேன். அது உள்ளே இறங்கும் முன்னே இன்னொன்று. பெரியவர் என் வாய் காலியாகட்டும் என்று பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் இறங்கும் ஊர் வருகிறவரை நான் தின்றுகொண்டே இருந்தேன்.